ஓஸெல்லா இழுத்த பாட்டு

டஸ்கம்பியா ஊர் முதியோர் இல்லத்தில் ஓஸெல்லா பிங்க்ஸ்டன் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தாள். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, மாத்திரையை விழுங்கினார்களா கன்னத்தில் ஒதுக்கினார்களா என்று வாயைத் திறந்து பார்ப்பது, செத்தவர்களின் தாடை விறைப்பதற்குள் வாயை மூடி வைப்பது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டி, பெயர் பொறித்த கோப்பை ஒன்றைக் கொடுத்தார்கள். இனி எந்த மனுஷன் முதுகையும் தேய்க்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். மூன்றே மாதத்தில் அவள் அக்கா வில்லாடீன் கண்ணை மூடினாள். போகும்போது நகை, நிலம் என்று எதையும் விட்டுப் போகவில்லை. புருஷனைத் தங்கை வீட்டில் விட்டுப் போனாள்.

அந்தப் புருஷன்தான் கிளியோடிஸ் பேட்டில். அமெரிக்கக் கறுப்பர்களின் தேவாலயப் பாட்டிலிருந்து பிறந்த சோல் இசையில் ஒரு காலத்தில் பெயர்பெற்ற பாடகர். பர்மிங்ஹாமிலிருந்து சிகாகோ வரை பெண்கள் மேடையில் கைக்குட்டை எறிந்தார்கள் என்று அவரே சொல்வார். எறிந்தவர்களில் ஒருத்தியும் இப்போது கஞ்சி ஊட்ட வரவில்லை என்பதை ஓஸெல்லா அவ்வப்போது நினைவுபடுத்துவாள். வயது எழுபத்தொன்பது. நாற்பது வருஷம் ஊதித் தள்ளிய சிகரெட் நுரையீரலைச் சல்லடையாக்கிவிட்டது. மூக்கில் குழாய், தோளில் ஆக்ஸிஜன் பெட்டி. மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் பெட்டி ‘புஸ்’ என்னும்.

இப்படிப்பட்டவரைத் தேடித்தான் ஆல்பம் வந்தது.

கொண்டு வந்தவர் டாய்ல் ஹார்கெட். எழுபத்தாறு வயது வெள்ளைக்காரர், ராக் கிதார் கலைஞர். முகத்துக்கு வயதாகியிருந்தது, தலைமுடிக்கு மட்டும் யாரும் அந்தச் சேதியைச் சொல்லவில்லை. அறுபதுகளில் இதே மசில் ஷோல்ஸ் பக்கம் கிளியோடிஸ் பாட, டாய்ல் பின்னால் உட்கார்ந்து வாசித்திருக்கிறார். அப்புறம் ராக் இசைக்குழு வைத்துப் பெரிய ஆளாகிவிட்டார்.

ஓஸெல்லாவின் சமையலறையில் சோள ரொட்டியைப் பிட்டுக்கொண்டே திட்டத்தைச் சொன்னார். “நாங்க ராக்காரங்க சோல் பாட்டு பாடுவோம், சோல்காரங்க எங்க பாட்டைப் பாடுவாங்க. ஒருத்தர் பாட்டை இன்னொருத்தர். எல்லாரும் பழைய ஆளுங்க. எப்படி மிஸ் ஓஸெல்லா?”

“நல்ல ஏற்பாடுதான். சொந்தப் பாட்டுல வரி மறந்தா மானக்கேடு. அடுத்தவன் பாட்டுன்னா பேப்பரைப் பார்த்துப் படிக்கலாம்” என்றாள் ஓஸெல்லா.

கிளியோடிஸ் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவரை யாரும் மைக் முன்னால் நிற்கக் கூப்பிட்டதில்லை. ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, “எப்ப ஆரம்பம்?” என்று மட்டும் கேட்டார். ஓஸெல்லா தட்டை எடுத்துக் கழுவப் போனாள்.

ஒலிப்பதிவுக் கூடம் பக்கத்து ஊரான ஷெஃபீல்டில், முன்பு டயர் கிடங்காக இருந்த கட்டடத்தில். மழை பெய்தால் இன்னமும் ரப்பர் வாடை வரும். அங்கே கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்ததும் ஓஸெல்லாவுக்கு மறுபடி வேலைக்குத் திரும்பிவிட்டது போலிருந்தது. பேஸ் கிதார் வாசிப்பவருக்கு இரண்டு காதிலும் கருவி. டிரம்ஸ் வாசிப்பவருக்கு இரண்டு முழங்காலும் புதுசு. ஆர்கன்காரர் இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் கழிப்பறைக்கு ஓடினார். பாட்டு நோட்டு எதுவும் கிடையாது. அந்த வட்டாரத்தில் எப்போதுமே வாசித்து வாசித்துத்தான் பாட்டைக் கட்டுவார்கள். ஒருவர் ஓடிப்போய் வருவதற்குள் மற்றவர்கள் கட்டியதை மறந்து போவார்கள்.

இவர்களை மேய்க்க நாஷ்வில்லிலிருந்து பிரெண்ட் என்ற தயாரிப்பாளன் வந்திருந்தான். நாற்பது வயது இருக்கும். எல்லோருடைய காதிலும் ஹெட்போன் மாட்டி, அதற்குள் கடிகாரம் மாதிரி ஒரு ‘டிக் டிக்’கை ஓடவிட்டு, அதற்குச் சரியாக வாசிக்கச் சொன்னான்.

கிளியோடிஸுக்கு ஒதுக்கியது ஒரே பாட்டு. டாய்லின் குழு 1974-இல் கத்திப் பிரபலமாக்கியது. காதலி ரயிலேறிப் போய்விட்டாள் என்று ஒருவன் நாலரை நிமிஷம் அழுவான். அடுத்த ரயிலைப் பிடித்துப் பின்னாலேயே போனால் முடிகிற விஷயம் என்பது ஓஸெல்லாவின் கருத்து.

செவ்வாய்க்கிழமை பெட்டியோடு பாடினார். முதல் வரி முடிவதற்குள் பிரெண்ட் கையைத் தூக்கினான். “சார், அந்தப் புஸ் சத்தம் மைக்ல விழுது.”

பெட்டியை அணைத்துவிட்டுப் பாடினார். இரண்டு வரிக்கு மேல் மூச்சில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் கருவியை ஓஸெல்லா அவர் விரலில் மாட்டிப் பார்த்தாள். எண்பத்து நாலு. தொண்ணூறுக்குக் கீழே போனாலே அவளுக்குப் பிடிக்காது.

புதன்கிழமை டாய்ல் ஒரு தந்திரம் செய்தார். பாவம் மனுஷன் எட்டிப் பிடிக்கச் சிரமப்படுகிறார் என்று, சொல்லாமல் கொள்ளாமல் எல்லோரும் அரைக் கட்டை சுருதியை இறக்கி வாசித்தார்கள். ஒரு சோல் பாடகரிடம் போய் ‘சுருதியை இறக்கட்டுமா’ என்று கேட்பதைவிட அவர் கால்சட்டைக்குள் கையை விடலாம் என்பது அந்த ஊர் மரியாதை. கிளியோடிஸின் நுரையீரல்தான் போயிருந்தது, காது போகவில்லை. முதல் அடியிலேயே நிறுத்தினார்.

“யாருடா இறக்கினது?”

டாய்ல் கிதார் முடுக்கைத் திருகத் தொடங்கினார்.

“டாய்ல், நான் செத்துட்டேன்னு யாராச்சும் உனக்குப் போன் பண்ணாங்களா?”

“இல்ல கிளியோடிஸ், அது வந்து, கிதார் தந்தி கொஞ்சம்...”

“எல்லாருக்கும் ஒரே நேரத்துல தந்தி தளர்ந்துச்சா? ஆர்கன்லயும் தந்தி இருக்கா?”

வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். வியாழக்கிழமையும் அதே கதை. அன்றைக்கு எண்பத்து மூன்று.

சாயங்காலம் பிரெண்ட் ஓஸெல்லாவைத் தனியாக அழைத்தான். “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பார்ப்போம். இல்லேன்னா அட்லாண்டாவுலேருந்து ஒரு பாடகி திங்கட்கிழமை வர்றாங்க. அவங்க பாடிருவாங்க. மிஸ்டர் பேட்டில் நடுவுல ரெண்டு வார்த்தை பேசினாப் போதும். அதுவே பெரிய மரியாதையா இருக்கும்.”

“உங்க ஊர்ல மரியாதைன்னா இதுதானா? எங்க ஊர்ல இதைத் தூக்கி ஓரமா வைக்கிறதுன்னு சொல்வாங்க” என்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் சொல்லிவிட்டாள். நோயாளியிடம் மறைப்பது அவளுக்குப் பழக்கமில்லை. கிளியோடிஸ் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார்.

“ரெண்டு வார்த்தை பேசறதுக்கு நான் எதுக்கு, ஓஸெல்லா? கிளியைக் கூட்டிட்டு வரச் சொல்லு.”

அவ்வளவுதான். ராத்திரி கெளுத்தி மீன் வறுவலைத் தொடவேயில்லை. அந்த மனுஷன் மனைவி இறந்த அன்றுகூட இரண்டு துண்டு தின்றவர்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. கிளியோடிஸ் பெட்டியை அணைத்து, மைக் முன்னால் உட்கார்ந்தார். டிக் டிக் ஓடியது. முதல் வரி பாடினார். இரண்டாவதில் பாதி. உதடு நீலமாக ஆரம்பித்தது.

ஓஸெல்லா மூலையில் உட்கார்ந்திருந்தவள், கதவைத் திறந்துகொண்டு நேரே உள்ளே போனாள். பதிவு ஓடும்போது யாரும் உள்ளே வரக்கூடாது என்று சிவப்பு விளக்கு எரிந்தது. முதியோர் இல்லத்தில் அவள் பார்க்காத சிவப்பு விளக்கா?

“பெட்டியைப் போடு.”

“பாட்டு ஓடுது.”

“ஓடட்டும். நீ மூச்சு விடு.”

“நான் நிறுத்தினா அவன் அட்லாண்டாவுக்குப் போன் போடுவான்.”

பெட்டியைத் தானே போட்டுவிட்டு அவர் முன்னால் நின்றாள். நிறுத்தச் சொன்னால் கேட்க மாட்டார். நிறுத்தாமல் மூச்சு வாங்க வைக்க வேண்டும். அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது சங்கீதம் ஒன்றும் இல்லை, ஞாயிற்றுக்கிழமைதான். லெய்ட்டன் சாலைத் தேவாலயச் சபையில் கிளியோடிஸின் அப்பா பாட்டு நடத்தும் மூப்பராக இருந்தார். பாட்டுப் புத்தகம் வாங்க வக்கில்லாத காலத்து வழக்கம் அங்கே இன்னமும் உண்டு. மூப்பர் ஒரு வரியைச் சடசடவென்று சொல்லிவிடுவார். சபை முழுவதும் அதே வரியை வாங்கி, ஆளுக்கொரு நெளிவோடு, ஒரு நிமிஷம் வரை இழுக்கும். அதுவரை மூப்பர் சும்மா நிற்பார். கிழட்டு மூப்பர்களெல்லாம் தொண்ணூறு வயது வரை பாட்டு நடத்தியது எப்படி என்று நினைத்தீர்கள்?

“கிளியோடிஸ், வரியைச் சொல்லு. பாடாதே. உங்கப்பா மாதிரி சொல்லு.”

அவர் முறைத்தார். ஆனால் மூப்பர் மகன். வாய் தானாகத் திறந்தது.

“அந்த ரயில் என்னை விட்டுட்டுப் போச்சு, தண்டவாளம்தான் மிச்சம்.”

ஓஸெல்லா வரியை வாங்கினாள். அவளுக்கு நல்ல குரல் என்று யாரும் சொன்னதில்லை. முப்பத்தோரு வருஷம் தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிட்ட குரல். ‘அந்த’ என்ற ஒரு சொல்லையே மேலே ஏற்றி, கீழே இறக்கி, வளைத்துக்கொண்டு வந்தாள். ‘ரயில்’ வருவதற்குள் பெட்டி மூன்று தரம் புஸ் என்றது. அவள் குரலில் அது அமுங்கிப் போனது.

இரண்டாவது வரியில் டாய்ல் கிதாரை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சேர்ந்துகொண்டார். ஓஸெல்லா ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தாள். டாய்லின் தாத்தா சபையும் அதே லெய்ட்டன் சாலையில்தான், எதிர்ப்பக்கம். வெள்ளைக்காரர்கள் சபை. ஜன்னல் மூடிய வீடு மாதிரி இருக்கும். அதற்குள்ளேயும் இதே இழுவைதான் நடந்துகொண்டிருந்திருக்கிறது என்பது அறுபது வருஷம் கழித்து இப்போதுதான் தெரிகிறது. ஆர்கன்காரர் சேர்ந்தார், ஓடாமல் இருந்தார். காது கேளாத பேஸ்காரர் அரை வரி பிந்தி வந்தார். சபையிலும் அப்படி ஒருவர் எப்போதும் உண்டு என்பதால் அது பொருத்தமாகவே இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரெண்ட் கையை ஆட்டினான். “தாளம் விட்டுப் போச்சு! டிக் டிக்கைக் கேளுங்க!”

டிரம்ஸ்காரர் ஹெட்போனைக் கழற்றித் தரையில் வைத்தார். “தம்பி, இதுக்குத் தாளமே கிடையாது. நானே சும்மா உட்கார்ந்திருக்கேன். நீயும் உட்காரு.”

கிளியோடிஸ் சொல்வதும் மற்றவர்கள் இழுப்பதுமாகப் பாட்டு நகர்ந்தது. கடைசி வரி வந்ததும் அவர் சொல்லவில்லை, பாடினார். பழைய சுருதியிலேயே பாடினார். சேர்ந்து கிடைத்த மூச்சையெல்லாம் அந்த ஒரே வரிக்கு வைத்திருந்தார். நடுவில் குரல் கரகரத்தது, முடிவில் கொஞ்சம் கீழே வழுக்கியது. அப்புறம் பெட்டியின் சத்தம் மட்டும்.

ஓஸெல்லா விரலைப் பிடித்துப் பார்த்தாள். தொண்ணூற்றொன்று.

பிரெண்ட் உள்ளே வந்தான். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துப் பேசினான். “ஏழு நிமிஷம் நாற்பது செகண்ட். எந்த ரேடியோவும் போடாது.”

“எங்க பாட்டை எந்த ரேடியோ இப்பப் போடுது?” என்றார் டாய்ல்.

“இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா... இதை வச்சுக்கலாம். அட்லாண்டாவுக்கு நான் பேசிக்கறேன்.”

எல்லோரும் கிளியோடிஸைப் பார்த்தார்கள். நன்றி, கண்ணீர் என்று எதையாவது எதிர்பார்த்திருப்பார்கள்.

“கடைசி வரி சுருதி இறங்கிடுச்சு. இன்னொரு தடவை எடுக்கணும்” என்றார் அவர்.

“முடியாது” என்றாள் ஓஸெல்லா.

“பாட்டுக்காரன் நானா நீயா?”

“பாட்டுக்காரன் நீதான். இன்னொரு தடவை எடுத்தா அந்த வரி சரியா வரும், நீ வர மாட்டே. இறங்கினது இறங்கினதாவே இருக்கட்டும்.”

“மூணாவது வரியில நீயும்தான் இறங்கினே.”

“நான் எப்பவுமே இறங்கித்தான் பாடுவேன். அதனாலதான் எனக்கு முதியோர் இல்ல வேலை கிடைச்சுது. எந்திரி.”

டாய்ல் ஒரு கையைப் பிடித்தார், அவள் மறு கையைப் பிடித்தாள். கார் வரைக்கும் நடக்க எட்டு நிமிஷம் ஆனது. அதில் ஆறு நிமிஷம் அந்தக் கடைசி வரியை எப்படிப் பாடியிருக்க வேண்டும் என்று கிளியோடிஸ் விளக்கினார். கதவைத் திறந்து உட்கார வைத்து, குழாய் மடங்காமல் பெட்டியை மடியில் வைத்து, பெல்ட்டை மாட்டிவிட்டாள்.

“வீட்டுல நேத்து வறுத்த மீன் இருக்கா?” என்றார்.

“நீ தொடாத மீனை நான் காலையில தின்னுட்டேன்.”

“அப்ப கடைக்குப் போ. நாலு துண்டு வாங்கு.”

ஓஸெல்லா வண்டியை மீன் கடைப் பக்கம் திருப்பினாள்.