புதன்கிழமைத் தண்ணீர்

சுகுணாவுக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்றால் தூக்கம் வராது. காரிமங்கலம் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட விடாமல் படிப்பாள். இதற்காக நான் அவளைக் கேலி செய்யாத நாளில்லை.

போன வருஷம் அவள் அப்பா இறந்தார். உயிலில் கீழ்க்காட்டு நிலத்தை மகன் மாதவராஜுக்கும் மேல்காட்டை மகள் சுகுணாவுக்கும் எழுதியிருந்தார். வரப்பு, வண்டிப்பாதை, தென்னை எல்லாம் இருந்தது. கிணற்று முறை மட்டும் இல்லை. பங்காளிகளுக்குப் பொதுவான கிணற்றில் எந்தக் கிழமை யார் மோட்டார் போடுவது என்பது ஊருக்கே தெரியும், அதை எழுதுவானேன் என்பது எங்கள் பக்கத்து நினைப்பு. அப்பாவின் முறை செவ்வாயும் புதனும்.

மாசியில் சுகுணா தக்காளி நட்டாள். புதன்கிழமை போனால் மோட்டார் கொட்டகையில் பூட்டு.

"நெலம் உனக்குத்தாம்மா. தண்ணி உயில்ல இல்லியே" என்றார் மாதவராஜ்.

தண்ணீர் இல்லாவிட்டால் நாற்று கருகிவிடும். அந்தக் காட்டில் அப்புறம் மழையை நம்பிக் கொள்ளுதான் விதைக்கலாம்.

உயிலை கோர்ட்டில் புரொபேட் செய்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்ல, நாங்கள் இருவரும் தர்மபுரியில் வக்கீல் ஜாஸ்மினைப் பார்த்தோம்.

"புரொபேட்டுன்னா, இது உண்மையான உயில்தான்னு கோர்ட் உறுதி பண்றதுங்க. நம்ம மாவட்டத்து நெலத்துக்கு அது கட்டாயமில்ல. உங்க அண்ணன் உயிலை மறுக்கவும் இல்லியே. அதுல இல்லாததத்தான நீங்க கேக்குறீங்க?"

"அப்ப இது என்னங்க?" சுகுணா உயிலில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். இந்த நிலம் தன் தகப்பனாருக்குப் பாகப்பிரிவினை வழக்கில் கிடைத்தது என்று அப்பா எழுதி, வழக்கு எண்ணையும் போட்டிருந்தார். நானும்தான் படித்தேன். சட்டப் பேச்சு என்று தாண்டிப் போய்விட்டேன்.

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தத் தீர்ப்ப வாங்கிப் பாக்கலாமே."

"எங்க தாத்தா காலத்து கேஸு. எனக்குக் குடுப்பாங்களா?"

"காரணம் சொல்லி நகல் மனு போடுங்க. பழைய கேஸ் கட்டுன்னா பூட்டி வெச்சதுன்னு அர்த்தமில்லீங்க."

கோர்ட் காகிதத்தை வக்கீலும் ஜட்ஜும்தான் தொடலாம் என்று இத்தனை வயது வரை நம்பியிருந்தவள் நான்.

மனு போட்டு, நாற்றுக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றியபடி காத்திருந்து, நகல் கைக்கு வந்ததும் சுகுணா கோர்ட் வராந்தாவில் நின்றபடியே படித்தாள். கீழ்க்காட்டுக்குச் செவ்வாய், மேல்காட்டுக்குப் புதன். நிலம் யார் கைக்குப் போனாலும் தண்ணீர் நிலத்தோடு போகும் என்று தெளிவாக இருந்தது. நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அதோடு கிளம்பியிருக்கலாம். அவளா கிளம்புவாள்? நகல் கொடுத்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் கேட்டாள்: "இவ்ளோ பழசு, தேட ரொம்ப செரமமாங்க?"

"இல்லீங்க. பொங்கல் முடிஞ்ச கையோட மாதவராஜ்னு ஒருத்தரு இதே நகல வாங்கிட்டுப் போனாரு. அதனால கட்டு மேலயே இருந்துச்சு."

ஊர் வந்து சேரும்வரை சுகுணா அந்த நகலையே திரும்பத் திரும்பப் படித்தபடி வந்தாள். எனக்கோ அந்த மனுஷனை நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று ஆத்திரம்.

நேராக அவர் வீட்டுக்குத்தான் போனோம். நகலை நீட்டினாள். அவர் அதைப் பிரிக்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து கொட்டகைச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

"தண்ணிய எடுத்துக்கம்மா."

சுகுணா சாவியை வாங்கிக்கொண்டாள்.

"நீ தெரியாமத்தான் மறிக்கிறேன்னு நெனச்சேண்ணா. இதக் காட்டுனா நீ சந்தோஷப்படுவேன்னு நெனச்சுத்தான் கோர்ட்டுக்கே போனேன்."