பாலர் வகுப்புக்கு வந்த அறை

எங்கள் தமிழ்ப் பள்ளிக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. நாங்கள் குடியேறிய இந்த வெளிநாட்டு நகரத்தின் வென்ட்வேர்த்வில் பக்கம், வார நாட்களில் நடக்கும் ஒரு பகல் பள்ளியின் வகுப்பறைகளைச் சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்து நடத்துகிறோம். நான் தரவுப் பொறியாளர். கொம்பியூட்டர் தெரிந்த பிள்ளை என்ற காரணத்தால் சேர்க்கை வேலை முழுவதும் என் தலையில் வந்து விழுந்தது.

ஒரு காலத்தில் பிள்ளைகளைத் தேடிப் பிடித்த பள்ளி இது. இப்போது பாலர் வகுப்புக்கு மட்டும் இன்னொரு வகுப்பை நிரப்பும் அளவுக்குப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். இலங்கைக் குடும்பங்கள், சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள், தாயோ தகப்பனோ ஒருவர் மட்டும் தமிழ் பேசும் வீடுகள். ஆசிரியர்கள் தயாராக இருந்தார்கள். புத்தகங்கள் பெட்டியோடு கிடந்தன. அறைதான் இல்லை.

காத்திருந்தவர்களில் மெரிலேண்ட்ஸில் வசிக்கும் ஒரு தாயும் மகளும் உண்டு. தாய் முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்பவர்; தனியாகப் பிள்ளையை வளர்க்கிறார். ஆங்கில விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாமல் என் மேசைக்கு நேரே வந்தார்.

"வீட்டில கதைச்சாலே தமிழ் வந்திடும்தானே, அக்கா?" என்று கேட்டேன்.

"நான் வேலையால வரேக்க அவள் நித்திரை, தங்கச்சி. குழந்தையில இருந்து சைல்ட்கெயரிலதானே வளந்தவள். அண்டைக்குப் பள்ளிக்கூடத்தால வந்து ஒரே அழுகை. இங்கிலீஷில என்ன சொல்லி அழுறாள் எண்டு எனக்கு விளங்கேல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுத்தான் கேட்டனான்."

அப்போது மகள் அவருடைய கைப்பையைப் பிடித்து இழுத்து, "மம், ஐம் பஸ்டிங்!" என்றாள். தாய் அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பிள்ளைக்கு ஒன்றுக்கு முட்டுகிறது என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. இருவரும் கழிப்பறைக்கு ஓடினார்கள்.

அடுத்த பள்ளித் தவணைக்குப் பகல் பள்ளி இன்னொரு அறை தந்தது. தரைவிரிப்பு, குட்டிக் கதிரைகள், சுவரில் பிள்ளைகள் வரைந்த படங்கள். பாலர் வகுப்புக்கென்றே அமைத்தது போன்ற அறை. அந்தத் தாய்க்கு நானே போன் செய்து, "இடம் வரும் போல இருக்கு, அக்கா" என்றேன்.  மறுமுனையில் அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

தவணை தொடங்கிய சனிக்கிழமை கதவைத் திறந்தேன். மீன் வாசம் முகத்தில் அடித்தது. ஆசிரியையின் மேசையில் சுடுநீர்க் கலன், அலுமினியத் தட்டில் மீன் அடைத்த ரோல்ஸ், பற்றிஸ். நிர்வாகக் குழு அங்கிள்மார் குட்டிக் கதிரைகளில் முழங்கால் நாடியை முட்ட உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் தூரிகை கழுவும் தொட்டியில் பிழிந்த தேயிலைப் பைகள் குவிந்து கிடந்தன. தலைவர் ரோலைக் கடித்தபடி, அடுத்த தலைமுறை தமிழை விட்டுவிடும் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் வாயிலிருந்து தூள் தரைவிரிப்பில் விழுந்தது. யாரோ அதைச் செருப்பால் தேய்த்துவிட்டார்கள்.

"இது பாலர் வகுப்புக்கு வந்த அறை, அங்கிள்."

"பெற்றோர் வந்து வெளியில நிக்கினம், பிள்ளை. ஒரு மரியாதைக்குத் தேத்தண்ணி குடுக்க இடம் வேணாமே? பாலருக்கு வேற அறை கேப்பம்" என்றார் தலைவர்.

செயலாளர் சிரித்தார். "ஐ.டி. பிள்ளையெல்லே! எல்லாத்தையும் அட்டவணையில போட்டுத்தான் பாக்கும். முதல் ஒரு பற்றிஸ் எடும்."

எடுக்கவில்லை.   வெளியில் நின்ற பெற்றோர் ஒருவரும் அந்த அறைக்குள் அழைக்கப்படவில்லை என்பதைக் கவனித்தேன். தேத்தண்ணி குடித்தவர்கள் குழுவினர் மட்டுமே.

தவணை முழுவதும் அப்படியே போயிற்று. கூட்டத்தில் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள். கடைசியில் வார நாட்களில் அந்த அறையில் படிப்பிக்கும் பகல் பள்ளி ஆசிரியை எண்ணெய்க் கறைகளைப் படமெடுத்துத் தன் பள்ளி அதிபரிடம் கொடுத்தார். அதிபர் அறையைத் திருப்பிக் கேட்டார்.

"சின்னப்பிள்ளையள் சாப்பாட்டை ஊத்திப்போட்டுதுகள் எண்டு ஒரு ஈமெயில் போட்டுவிடும், பிள்ளை" என்றார் செயலாளர்.

"அந்த அறைக்குள்ள எங்கட பிள்ளை ஒண்டும் வரேல்லையே, அங்கிள். நான் எழுதமாட்டன்."

அவரே எழுதினார். பிரதி எனக்கும் வந்தது. காலடி வைக்காத அறையைப் பிள்ளைகள் அழுக்காக்கியதற்கு வருத்தம் தெரிவித்து, கனிவான ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அறை திரும்பக் கிடைக்கவில்லை.

மெரிலேண்ட்ஸ் தாயை அழைத்தேன். நான் தொடங்குவதற்குள் அவரே சொன்னார்:

"அவளின்ர பேரை எடுத்துவிடுங்கோ, தங்கச்சி. நான் இங்கிலீஷ் கிளாஸுக்குப் பதிஞ்சிட்டன். போன உடனேயே இடம் தந்தவை. இனி அவள் அழுதா என்னெண்டு நானே கேப்பன்."

"தமிழ், அக்கா?"

"எத்தினை நாளைக்கு நான் அவளோட கதைக்காமல் இருக்கிறது?"

பெயரை எடுத்தேன். இன்னும் சில குடும்பங்களும் காத்திருந்து களைத்து விலகின.

ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் அறிக்கை வாசித்தார். காத்திருக்கும் பிள்ளைகளின் தொகை குறைந்திருப்பது நிர்வாகத்தின் வெற்றி என்றார். தலைவர் பின்வரிசையில் இருந்த என்னைக் கைகாட்டி, "எல்லாம் எங்கட பிள்ளையின்ர வேலை. ஒருக்கா எழும்பி நில்லும்" என்றார்.

நான் எழும்பவில்லை. அதைப் பணிவு என்று நினைத்து இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.