மூன்றாம் படத்தின் அறிமுக உரை

சௌந்திரம் பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீட்டுப் பெண். பி.ஏ. முடித்த கையோடு அத்தை மகன் நாச்சிமுத்துவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் பம்பாயில் சினிமா பற்றிய முதுநிலைப் படிப்பில் இருந்தான். நடிக்கவோ படமெடுக்கவோ அல்ல. எந்தப் படத்தை, எதற்குப் பின் எதை, யாருக்குக் காட்டுவது என்கிற படிப்பு. சொந்தபந்தங்களுக்கு இதை விளக்கிச் சொல்வதற்குள் அவளுக்கு வாய் வலித்துவிடும்.

"அப்ப மாப்பிள்ள பம்பாய் போனது டிக்கெட் கிழிக்கவா சாமி?" என்றார் பெரியப்பா.

1978இல் கடைசி வருட ஆய்வுக்காக நாச்சிமுத்து சேலம் வந்தான். ஆறு படங்களைத் திரையிட்டு, பார்வையாளர்களைப் பற்றி அறிக்கை தர வேண்டும். அஸ்தம்பட்டியில் வீடு பிடித்தார்கள். ஜவுளிக்கடை மருதாசலத்தைச் செயலாளராகப் போட்டு ஒரு திரைப்படச் சங்கம் தொடங்கினான். நாச்சிமுத்துவுக்குத் திக்குவாய். அதனால் அவன் எழுதிய அறிமுகத்தைப் படத்துக்கு முன் சௌந்திரம் மைக்கில் வாசிப்பாள். வாசிக்க அவளுக்குப் பிடித்திருந்தது.

முதல் படத்துக்கு முப்பது பேர் வந்தார்கள். அடுத்ததற்குப் பதினோரு பேர். ஐம்பது பேராவது இல்லையென்றால் ஆய்வை ஏற்க முடியாது என்று பேராசிரியர் கடிதம் போட்டார்.

மூன்றாம் படத்துக்கு மண்டபம் நிறைந்து வாசல்வரை ஆண்கள் நின்றார்கள். சௌந்திரம் பூரித்துப்போய், மைக்கைப் பிடித்து வாசித்தாள்: "நாயகி ஆற்றில் இறங்கும் இடத்தைக் கவனியுங்கள். அங்கே உடல் பேசுகிறது." விசில் பறந்தது. ஏனென்று அவளுக்குப் புரியவில்லை. படம் ஓடி அந்த இடம் வந்தபோது புரிந்தது. நாயகி உடம்பில் ஒட்டுத்துணி இல்லை. சென்சாரில் வெட்டுப்படாத பிரதி. அதை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துத்தான் நாச்சிமுத்து தேர்ந்தெடுத்திருந்தான். இப்படியொரு காட்சி இருப்பதை மருதாசலத்தின் காதில் போட்டு ஊரெல்லாம் பரவவிட்டதும் அவன்தான்.

"மறுபடி போடு!" என்று கத்தினார்கள். ஆபரேட்டர் நாச்சிமுத்துவைப் பார்த்தார். அவன் தலையாட்டினான். ரீல் பின்னால் சுற்றியது.

"அந்தம்மாவையும் மறுபடி படிக்கச் சொல்லுங்க!" என்று ஒரு குரல். மண்டபம் சிரித்தது.

நாச்சிமுத்து தாளை எடுத்து அவள் கையில் வைத்தான். "ப... படிச்சிரு புள்ள. எ... எந்திரிச்சுப் போயிருவாங்க."

அவள் படித்தாள். ஒவ்வொரு வரிக்கும் கைதட்டினார்கள். அதன்பிறகு கடைத்தெருவில் அவள் தலை தெரிந்தால் போதும், "உடல் பேசுது" என்று யாராவது சொல்வார்கள்.

இரண்டு மாதம் கழித்து, பிழை பார்க்கச் சொல்லி அறிக்கையை அவளிடமே கொடுத்தான். ஆங்கிலத்தில் இருந்தது. மூன்றாம் திரையிடலில் பார்வையாளர் பங்கேற்பு உச்சத்தை எட்டியதாம். 'உள்ளூர்ப் பெண் ஒருத்தியை அறிமுகம் வாசிக்க வைத்தது இதற்குப் பெரிதும் உதவியது.'

"உள்ளூர்ப் பெண்ணுன்னா யாருங்க மாமா?"

"ஆ... ஆய்வுல பேர் போடக் கூடாது."

எழுத்துப்பிழை நான்கு இருந்தது. திருத்திக் கொடுத்துவிட்டு மறுநாள் பரமத்தி வேலூருக்குப் பஸ் ஏறினாள். அவனுக்கு முதல் வகுப்பு கிடைத்தது. பம்பாயிலேயே வேலையும் கிடைத்தது. கூப்பிட அவன் வரவில்லை. அண்ணன் சின்னுசாமி ஒருமுறை, "தெரிஞ்சேதான மைக்குல படிச்ச?" என்று கேட்டான். அதன்பின் அவனோடும் அவள் பேசவில்லை. பிறகு உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சரானாள்.

1985இல் பம்பாயிலிருந்து ஒரு மாணவன் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். சேலம் திரைப்படச் சங்கத்தைப் பற்றி இந்த டீச்சருக்குத் தெரியும் என்று மட்டும் யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாச்சிமுத்துவின் அறிக்கையை அங்கே பாடமாக வைத்திருக்கிறார்களாம். அதில் பேர் இல்லாத, அந்த உரையை வாசித்த உள்ளூர்ப் பெண்ணைக் கண்டுபிடித்துப் பார்க்க வேண்டும், முடிந்தால் இன்னொருமுறை வாசிக்கச் சொல்லி டேப்பில் பதிய வேண்டும் என்றான். டேப் ரெக்கார்டரை மேசைமேல் வைத்தான். கேலி எதுவும் இல்லை, நல்ல மரியாதையாகத்தான் கேட்டான்.

"அந்தம்மா செத்துப்போச்சுங்க," என்றாள் சௌந்திரம்.

"எப்படி இறந்தாங்க?"

"தெரியலீங்க."

அவன் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, கரூர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டான். அவள் வாசல்வரை வந்து வழி காட்டினாள்.