பந்து எழும்பாத மூலை

டென்னிஸ் கோர்ட்டின் வடகிழக்கு மூலையில் பந்து எழும்பாது. மற்ற இடத்தில் இடுப்பு உயரம் வருகிற பந்து, அங்கே விழுந்தால் முழங்காலுக்குக்கூட வராது. செங்கல்பட்டில் பார்க் திறந்த புதிது. ஐம்பதுகளின் நடுவில் இருக்கும். ஆட வந்த ஆபீசர்களுக்கு அது ஒரு வேடிக்கை. சனி மூலை என்று பேர் வைத்துச் சிரிப்பார்கள். காரணம் தெரிந்தவர்கள் அண்ணனும் அண்ணியும் நானும்தான். அவர்கள் இரண்டு பேரும் இப்போது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பார்க் வருவதற்கு முன் அது ஏரிக்கரைப் புறம்போக்கு. எருக்கும் கள்ளியும் மண்டிக் கிடக்கும். பால்குடிக் குழந்தை செத்தால் எங்கள் தெருக்காரர்கள் அங்கேதான் புதைப்பார்கள். அண்ணியின் பெண்ணும் அங்கேதான். பேர் வைப்பதற்கு முன்பே காய்ச்சலில் போனது. பிறகு நகராட்சி வேலி போட்டது. எங்களை யாரும் கேட்கவில்லை. நாங்கள் போய்ச் சொல்லவும் இல்லை, பட்டா இருந்தால்தானே சொல்ல. கள்ளியை வெட்டி, மேலே மண் கொட்டி மட்டப்படுத்தினார்கள். ஊஞ்சலுக்கு அடியில் போட மகாபலிபுரத்திலிருந்து மாட்டு வண்டியில் கடல் மணல் வந்தது. பூப்பந்துக்கு ஒரு கோர்ட், பிள்ளைகளுக்குக் கபடி மைதானம், நடுவில் தண்ணீர் பீச்சும் தொட்டி, ஆபீசர்களுக்கு டென்னிஸ். திறப்பு விழாவுக்கு பேண்டு வாத்தியம் வைத்தார்கள். தெருவே வேலியோரம் நின்று பார்த்தது. அண்ணி பேண்டைப் பார்க்கவில்லை. குழந்தையைப் புதைத்த இடத்துக்கு அடையாளமாக, வெட்டாமல் விட்டிருந்த ஒரு பனைமரத்தைப் பார்த்தாள், பிறகு கோர்ட்டைப் பார்த்தாள். "டென்னிஸ் ஆடுற எடத்துக்குள்ள வருது" என்றாள். அந்த வாரமே பார்க் மேஸ்திரியிடம் போய் எங்கள் மூன்று பேருக்கும் வேலை கேட்டாள்.

அப்போது சிமெண்டு கோர்ட் கிடையாது. படாளம் பக்கத்துப் புற்று மண்ணைச் சலித்துக் கொட்டி, தண்ணீர் விட்டு, கல் உருளையால் இறுக்கி, மேலே சாணி கரைத்து மெழுக வேண்டும். மெழுகுவது நானும் அண்ணியும். உருளை இழுப்பது அண்ணனும் இன்னோர் ஆளும். அந்த மூலைக்கு வந்ததும் அண்ணன் உருளையைத் திருப்பிவிடுவான். அண்ணி அப்படிச் செய்யச் சொன்னதில்லை. அவனும் எதுவும் பேசினதில்லை. பச்சைக் குழந்தைமேல் பாரம் ஏற்றக் கூடாது, அவ்வளவுதான். மண் இறுகாமல் பொதபொதவென்று இருக்கும். அண்ணி அதன்மேல் கையால் தடவினாற்போல் மெழுகிவிட்டு வருவாள். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

ஒரு நாள் மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய ஆபீசர் ஆட வந்தார். எங்கள் ஊர் வக்கீல் அவரை எதிர்த்து ஆடினார். கடைசிப் பந்து சனி மூலையில் விழுந்து அப்படியே உட்கார்ந்துவிட்டது. வக்கீல் மட்டையை வீசினார், காற்றில்தான் பட்டது. வந்தவர் சிரித்தார். வக்கீலுக்கு முகம் கறுத்துவிட்டது.

"இன்னாய்யா மேஸ்திரி, கோர்ட்டா இது, எருமை பொரள்ற சேறா?"

மேஸ்திரி குதிகாலால் அந்த மண்ணை அமுக்கிப் பார்த்தார். கால் உள்ளே போனது. அண்ணனைக் கூப்பிட்டார். "டேய், சோறுதான துன்ற? கடப்பாறைய எடுத்தா. இடுப்பளவு நோண்டி, இருக்கிற மண்ண அள்ளி ஏரில கொட்டிட்டு, ஜல்லி போட்டு ரொப்பு. இன்னிக்கே."

அண்ணன் கடப்பாறையை எடுத்து வந்தான். மூலையில் நின்றான். குத்தவில்லை. மேஸ்திரி அவன் பிடரியில் ஒன்று வைத்தார். அப்போதும் குத்தவில்லை. வேலை போனால் போகட்டும் என்று நிற்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அவன் இல்லாவிட்டால் வேறோர் ஆள் குத்துவான். அது அண்ணிக்கும் தெரிந்தது. சாணிக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நோண்ட வாணாம் மேஸ்திரி. மண்ணு நல்ல மண்ணுதான். உருளை சரியா ஓடல. நானே இழுத்து இறுக்கித் தரேன்."

"நீ இழுக்கிறியா?" மேஸ்திரி எல்லாரையும் திரும்பிப் பார்த்தார். "டேய், கேட்டியா? உம் பொண்டாட்டி மாடு ஆயிட்டா. நீ அவ பொடவைய சுத்திகினு சாணி கரை, போ."

நாற்காலிகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "இழுக்கட்டும்யா, கொம்புதான் இல்ல" என்றார் வக்கீல்.

இரண்டு ஆண்கள் இழுக்கிற கல் அது. நானும் போய்க் கம்பியைப் பிடித்தேன். அந்த மூலையில் மட்டும் முன்னும் பின்னும் இழுத்தோம். முதல் தடவை கல் மண்ணில் புதைந்து நின்றுவிட்டது. அண்ணி தண்ணீர் ஊற்றச் சொன்னாள். மறுபடி இழுத்தோம். அவள் கீழே பார்க்கவே இல்லை. உதட்டைக் கடித்திருந்தாள், ரத்தம் முகவாய்க்கு வந்திருந்தது. அண்ணன் வேலிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். மேஸ்திரி மறுபடி குதிகாலை ஊன்றினார். கால் உள்ளே போகவில்லை. "அட, கெட்டிக்காரிதான். இனிமே வாராவாரம் நீயே இழு" என்றார். சரி என்றாள். பார்க்கில் இருந்த காலமெல்லாம் அவள்தான் இழுத்தாள்.

இப்போது அந்த இடத்தில் சிமெண்டு போட்டுவிட்டார்கள். காலையில் ஜனங்கள் கையை வீசி நடக்கிறார்கள், பிள்ளைகள் சக்கர ஷூ கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். நல்ல பார்க் என்று வெளியூர்க்காரர்கள் சொல்கிறார்கள். நல்ல பார்க்தான்.

முதன்முதலாக உருளை இழுத்த அன்று, வீட்டுக்கு வந்ததும் அண்ணி உலை வைத்தாள். தட்டைப் போட்டு அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் எழுந்து வரவில்லை.

"உங் கையாலயே அமுக்கிட்டு வந்து சோறு போடுறியா?" என்றான்.

அண்ணி அகப்பையைக் கீழே வைத்தாள். "கடப்பாறைல மாட்டிகினு துண்டு துண்டா வந்திருக்கும். அதையும் என்னியதான் அள்ளிக் கொட்டச் சொல்லியிருப்பான்."

அதற்குப் பிறகு அவன் சாகும்வரை நான்தான் அவனுக்குச் சோறு போட்டேன். அண்ணி ஆக்கி வைத்துவிட்டு வெளியே போய்விடுவாள்.