இளைப்புக்காரி ஏறிய மலை

பெரிய மனசு பண்ணி மன்னித்துவிடு என்று புவனேஸ்வரியிடம் சொன்னவர்கள் நிறையப் பேர். அவளுக்கு அந்தப் பெரிய மனசெல்லாம் கிடையாது. அதனால்தான் எனக்கு அவளைப் பிடிக்கும். திருக்கோகர்ணத்தில் எங்கள் வீடுகள் எதிரெதிரே இருக்கின்றன. வேலையும் ஒரே பள்ளியில்தான். அவள் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வணிகவியல் எடுக்கிறாள். நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை.

இருபத்து மூன்று வயதில் அவளைப் பெண் பார்க்க அறந்தாங்கியிலிருந்து வந்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் தற்செயலாகச் சந்தித்த மாதிரி கோயிலில் வைத்துக்கொள்வார்கள். விராலிமலை முருகன் கோயில் என்று முடிவானது. அன்று கிருத்திகை. புவனேஸ்வரி பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் விரதம் இருந்தாள். பட்டுப்புடவையும் நகையுமாக வெயிலில் படியேறியவள், பாதியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா செவந்தியம்மாள் மேல்படியில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவர் காதிலெல்லாம் விழும்படி சொன்னார்: “பொண்ணுக்கு இளைப்பு நோவு இருக்கும்போல. மூச்சு வாங்குறதப் பாருங்க. தெரிஞ்சே எங்க தலையில கட்டப் பாத்தீங்களா?”

மாப்பிள்ளை ரகுநாத் அங்கிட்டுத் திரும்பி மலையை வேடிக்கை பார்த்தான்.

அவளுக்கு ஒரு நோயும் இல்லை என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொல்வதை யார் கேட்டார்கள்? அடுத்து வந்த வரன்கள் எல்லாம் அந்த ஒரு வார்த்தையை விசாரித்துவிட்டுத் திரும்பிப் போயின. ‘இளைப்புக்காரி’ என்று உறவுக்காரர்கள் அவளுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அவள் அப்பா அந்தக் கவலையிலேயே போய்ச் சேர்ந்தார்.

புவனேஸ்வரி அழவில்லை. மலை ஏற ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமையானால் நார்த்தாமலை, லீவு விட்டால் பர்வதமலை. என்னையும் இழுத்துப் போவாள். நான் அடிவாரத்திலேயே வடை கடை பார்த்து உட்கார்ந்துவிடுவேன். பக்தியா என்று ஒருநாள் கேட்டேன். “பக்தியா? வயித்தெரிச்சல்,” என்றாள்.

போன வருஷம் ரகுநாத் துபாயிலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்பினான். ஆப்பிரிக்காவில் இருக்கும் கிளிமஞ்சாரோ மலையில் ஏறப்போவதாக முகநூலில் அறிவித்தான். சென்னையிலிருந்து ஆள் சேர்த்து, அந்த ஊர் வழிகாட்டியோடு மலைக்கு அனுப்பும் ஒரு குழுவில் பதிவு செய்திருந்தான். எங்கள் பக்கம் நல்ல காரியம் முடிகிறவரை யாருக்குப் பொறுமை இருக்கிறது? அவன் விமானம் ஏறுவதற்கு முன்பே, அறந்தாங்கி பஸ் ஸ்டாண்ட் எதிரில் நண்பர்கள் பிளக்ஸ் வைத்துவிட்டார்கள்: ‘கிளிமஞ்சாரோவை வென்று திரும்பும் எங்கள் அண்ணனே வருக!’

புவனேஸ்வரி அதே குழுவில், அதே தேதிக்குச் சேர்ந்தாள். எதற்கு என்று நான் கேட்டேன்.

“அவன் மூச்சு வாங்கி உக்கார்றத நான் மேல நின்னு பாக்கணும். அவ்வளவுதான்,” என்றாள்.

காலாண்டு விடுமுறையில் போனாள். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நாள் கணக்கில் கூடவே நடந்தும் அவன் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. மேடம் மேடம் என்றுதான் பேசினானாம். அது அவளுக்கு இன்னும் எரிந்தது. ஒருத்தி வாழ்க்கையையே நாசமாக்கியவனுக்கு அவள் முகம்கூட ஞாபகம் இல்லையே!

உயரம் கூடக் கூட ரகுநாத்துக்கு ஆகவில்லை. தினமும் மாலையில் வழிகாட்டி இம்மானுவேல் ஒவ்வொருவரிடமும் தலைவலி உண்டா, வாந்தி உண்டா என்று கேட்பார். எதுவும் இல்லை என்று சிரித்துச் சமாளிப்பான். சிகரத்துக்கு முந்தின கூடாரத்துக்குப் போய்ச் சேர்ந்ததும், பாறைக்குப் பின்னால் நிற்க முடியாமல் தள்ளாடி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவனைப் புவனேஸ்வரி பார்த்துவிட்டாள்.

“மேடம், கைடுகிட்ட சொல்லிராதீங்க. ஊர்ல பிளக்ஸ் வச்சிட்டாங்க. ஏறாம நான் எந்த மொகத்தோட போறது?”

“சொல்லத்தான் போறேன்,” என்று கண்ணாடியைக் கழற்றினாள். “விராலிமலையில பாதிப் படியில உக்காந்த பொண்ணு நான்தான்.”

அவன் பாறையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். “அதுக்காகவா?”

“அதுக்காகத்தான்.”

வழிகாட்டியிடம் சொன்னாள். அவர் ஒரு துணையாளோடு அவனை உடனே கீழே அனுப்பிவிட்டார். இன்னும் ஏறியிருந்தால் உயிர் போயிருக்கும் என்றாராம். உயிரைக் காப்பாற்றினோம் என்ற நினைப்பே தனக்கு வரவில்லை என்று புவனேஸ்வரி என்னிடம் சொன்னாள். மறுநாள் உச்சிக்குப் போய் நின்றிருக்கிறாள். சுற்றிலும் பனி, கீழே மேகம்.

“ஊரு ஒலகமெல்லாம் அழகாத் தெரிஞ்சுதா?” என்றேன்.

“யாரு பாத்தா? அவன் எங்கிட்டு எறங்கிப் போறான்னுதான் பாத்துக்கிட்டு நின்னேன்.”

இத்தோடு முடிந்திருந்தால் நானும் சந்தோஷப்பட்டுவிட்டுப் போயிருப்பேன். அவள் வருவதற்குள் ரகுநாத் ஊருக்கு வந்து ஒரு கதையை அவிழ்த்துவிட்டிருந்தான். கூட வந்த ஒரு பெண்ணுக்கு இளைப்பு வந்து மூச்சு நின்றுபோகப் பார்த்ததாம். இவன்தான் சிகரத்தை விட்டுக்கொடுத்துவிட்டு அவளைத் தூக்கிச் சுமந்து இறங்கினானாம். பிளக்ஸில் ‘கிளிமஞ்சாரோவை வென்று திரும்பும்’ என்ற இடத்தில் ‘கிளிமஞ்சாரோவில் உயிர் காத்து வந்த’ என்று ஒட்டுப்போட்டார்கள். போதாததற்கு ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா வேறு. அசிங்கத்துக்குப் பயந்து ஒரு பொம்பளை வெளியே வரமாட்டாள் என்று கணக்குப் போட்டிருந்தான், மடையன்.

புவனேஸ்வரி ஒரு பொன்னாடை வாங்கினாள். இருவரும் அறந்தாங்கிக்கு பஸ் ஏறினோம். மண்டப வாசலில் யார் நீங்கள் என்று கேட்டவரிடம், “அவரு காப்பாத்துன பொம்பளை,” என்றாள். அவ்வளவுதான், கைதட்டலோடு மேடைக்கே கூட்டிப் போய்விட்டார்கள். முன்வரிசையில் செவந்தியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரகுநாத்தின் முகம் வெளுத்துப்போனது.

புவனேஸ்வரி மைக்கை வாங்கினாள். குரல் நடுங்கவே இல்லை.

“மலையில வாந்தி எடுத்து நிக்க முடியாமத் தள்ளாடுனது இவரு. இவரை எறக்கச் சொன்னது நான். உச்சிக்குப் போனதும் நான்தான். இல்லைன்னா, எந்த எடத்துல என்னையத் தூக்குனாருன்னு இவரே சொல்லட்டும்.”

பொன்னாடையை அவன் தோளில் போர்த்தி, மைக்கை அவன் கையில் திணித்தாள். அவன் வாயருகே கொண்டுபோனான். புஸ் புஸ் என்று அவன் மூச்சு மட்டும் மண்டபத்து ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் கேட்டது.

செவந்தியம்மாள் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். “போதும்மா. எம்புள்ளைய விட்டுரும்மா.”

புவனேஸ்வரி அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு மேடையில் காலியாக இருந்த நாற்காலியை ரகுநாத்துக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

“அவரு பேசட்டும்மா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”