கொழும்புக் கடையில் நான் பிடித்த படம்

உலகச் சண்டை மூண்ட மறு வருஷம், கலெக்டர் கச்சேரியில் வேலை முடிந்து பென்ஷன் வாங்கத் தொடங்கியிருந்த சமயம், கொழும்பில் நடந்தது இது.

பாபநாசத்து அருவியை நானே படம் பிடிக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. கேமராவைப் பற்றிய புத்தகம் ஒன்றை வரவழைத்துக் காலையும் மாலையும் படித்தேன். கேமராவைத் தொட்டதில்லையே தவிர, அதைக் கையாளும் விதிகள் அத்தனையும் மனப்பாடம். பாளையங்கோட்டையில் இதைப் பற்றி என்னோடு தர்க்கம் செய்ய ஆள் கிடையாது; முயன்றவர்கள் பிறகு என் தெருப்பக்கம் வருவதில்லை.

கேமரா வாங்கத் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போனேன். என் மனைவியின் தம்பி கொழும்பில் ஜவுளிக்கடை வைத்திருந்தான். களக்காட்டிலிருந்து வெறுங்கையோடு போய் உண்டாக்கிய கடை. அதை ஆளிடம் விட்டுவிட்டு என்னோடு கேமராக் கடைகளுக்கு அலைந்தான். முதலில் போன கடைகளில், அவர்கள் சரக்கின் குணம் குற்றங்களை அவர்களுக்கே விளக்கினேன். யாரும் நன்றி சொல்லவில்லை.

கடைசியாகப் போன கடை துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நான் தேடிய கேமரா அங்கே கிடைத்தது. வாங்குமுன் ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம் என்று கடைக்காரத் துரை கண்ணாடித் தகடு ஒன்றைக் கூட்டில் வைத்துக் கொடுத்தார். தகட்டில் வெளிச்சம் படாமல் மறைக்கும் மூடி அந்தக் கூட்டில் உண்டு. அதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். தெரியும் என்று கையமர்த்தினேன்.

வாசலில் கேமராவை நிறுத்திக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தேன்.

“அத்தான், தலைப்பாகையைக் கழத்திட்டு நுழைங்களேன். கோழியைக் கூடைக்குள்ள அமுக்குத மாதிரில்லா இருக்கு” என்றான் மச்சான்.

உத்தியோகம் பார்த்தவன் அந்நியர் முன்னால் வெறுந்தலையோடு நிற்பதா? மறுத்துவிட்டேன். தலையை வெளியே எடுத்தபோது தலைப்பாகை துணிக்குள்ளேயே தங்கிவிட்டது. தெருவில் போனவர்கள் நின்று சிரித்தார்கள். அவசரமாக அதைச் சுற்றிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவன் போலக் கூட்டைக் கேமராவில் செருகி ரப்பர்க் குமிழை அழுத்தினேன்.

தோளில் ஒரு கை விழுந்தது. போலீஸ்காரன். கேமராவின் கண்ணாடியில் தலைகீழாக நான் பார்த்ததெல்லாம் தெருமுனை மரமும் மாட்டு வண்டியும்தான். அவற்றுக்குப் பின்னால் போர்க்கப்பல் ஒன்று நின்றதை அப்போதுதான் பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். கடைக் கதவைச் சாத்தினார்கள். சண்டைக் காலத்தில் போர்க்கப்பலைப் படம் பிடிப்பது குற்றம்; அது படத்தில் விழுந்திருந்தால் எனக்குச் சிறை. என்னைக் கூட்டி வந்தவனின் கடைக்குப் பூட்டு, அவனும் உள்ளே என்றார். படம் எடுத்தாயா என்று கேட்டார். விதிப்படி, ஒரு குறையுமில்லாமல் எடுத்தேன் என்று நல்ல இங்கிலீஷில் பதில் சொன்னேன்.

“ஐயோ அத்தான், சவத்தை எடுக்கலைன்னு சொல்லித் தொலைங்களேன்! இங்கன வந்தா சட்டம் பேசுதிய?” என்று மச்சான் என் காதோரம் பல்லைக் கடித்தான்.

பிறகு அவனே முன்னால் போனான். இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

“ஐயா, படம் எடுக்கச் சொன்னது நாந்தான். இவருக்கு ஒண்ணும் தெரியாது. எங்க அக்கா வீட்டுக்காரரு, வயசாளி. இவரை ஊருக்கு அனுப்பிருங்க. என்னை என்னமும் பண்ணிக்கிடுங்க.”

அவன் சொன்னது முழுப் பொய். எனக்கு முதலில் வந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, கோபம்தான். எனக்கா ஒன்றும் தெரியாது? பிறகுதான் அவன் இரு கைகளையும் விலங்குக்கு நீட்டி நிற்பதைப் பார்த்தேன்.

முதலில் தகட்டைக் கழுவிப் பார்ப்போம் என்றார் இன்ஸ்பெக்டர். எல்லோரும் கடைக்குப் பின்னால் இருந்த இருட்டறைக்குள் போனோம். சிவப்பு விளக்கின் கீழ் துரை தகட்டை மருந்துத் தட்டில் போட்டு மெல்ல ஆட்டினார். மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

“கப்பலு தெரியுதா அத்தான்?”

“பேசாதே.”

எடுத்த விதத்தை மனதுக்குள் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். தலைப்பாகையைச் சுற்றினேன். கூட்டைச் செருகினேன். குமிழை அழுத்தினேன். நடுவில் மூடியை உருவினேனா? நினைவில்லை. என் ஆயுளில் முதல் தடவையாக, நான் தவறு செய்திருக்க வேண்டும் ஆண்டவரே என்று ஜெபித்தேன்.

தகடு பால் வெள்ளையாகவே கிடந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். இன்னும் ஆட்டச் சொன்னார். வெளிச்சம் பட்ட இடம் கறுக்க வேண்டும்; ஒரு கீற்றுக்கூடக் கறுக்கவில்லை. மூடியை உருவினீர்களா என்று துரை என்னைக் கேட்டார்.

“இல்லை” என்றேன். அதைவிடச் சுருக்கமாக நான் யாருக்கும் பதில் சொன்னதில்லை.

இன்ஸ்பெக்டர் மச்சான் பக்கம் திரும்பி, நீ சொன்னது சரிதான், இவருக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

தெருவுக்கு வந்ததும் மச்சான் படியில் உட்கார்ந்தான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை.

“இம்புட்டுப் படிச்சும் ஒரு மூடியை உருவத் தெரியலியே! நல்லா இருப்பிய அத்தான்.”

கேமரா வாங்காமலே ஊர் திரும்பினேன். துரைமார் என்னைப் புகழ்ந்து எழுதிக் கொடுத்த நற்சாட்சிப் பத்திரங்கள் பெட்டி நிறைய இருக்கின்றன. ஆனாலும், பாடுபட்டு உண்டாக்கிய கடையைத் தூக்கி எறியத் துணிந்து, “இவருக்கு ஒண்ணும் தெரியாது” என்று எனக்காக ஒருவன் சொன்னானே, அந்தச் சாட்சிக்கு அவற்றில் ஒன்றும் ஈடாகாது.