அம்மா மெழுகிய அடுப்படி

அமெரிக்கத் தேசியப் பூங்கா ஒன்றில், தொப்பியும் தொந்தியுமாக நின்று பழைய மரவீடொன்றைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். பூங்கா அமைப்பதற்காக வெளியேற்றப்பட்ட குடும்பத்தின் வீடாம். இப்போது கயிறு கட்டிக் காக்கிறார்கள். உள்ளே அடுப்புக்கரி மணத்தது.

நான் சிறுவனாக இருந்தபோது, ஊரில், எலுவன்குளத்துக்கு அப்பால் காட்டோரம் இருந்த எங்கள் வீட்டிலும் அதே மணம்தான். ஒருநாள் வன அதிகாரிகள் வந்து, அந்த நிலம் காட்டுக்குச் சொந்தமென்று சொல்லி, மறுநாளே கிளம்பச் சொன்னார்கள். அம்மா சாமான் கட்டுவதை விட்டுவிட்டு, சாணி கரைத்து அடுப்படியை மெழுகினாள்.

"விசரே உனக்கு? இடிக்கப்போற வீட்டை ஏன் மெழுகிறாய்?" என்றார் அப்பா.

"வாறவை எங்களை ஊத்தைச் சனமெண்டு நினைக்கக் கூடாது."

வந்தது புல்டோசர். அதற்கு அடுப்படியும் வாசற்படியும் ஒன்றுதான்.

என் படங்களைப் பார்த்த மகன் கேட்டான்: "அப்பா, எங்கட பழைய வீட்டுப் படம் ஒண்டும் இல்லையோ?"

"இடிக்க வந்தவங்கள் கமரா கொண்டுவரேல்லை, மகன்."